உப்புக்காற்றும் ஒரு சின்ன நிப்பிளும்

பரந்தன்காரருக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனையிறவு உப்பளத்தை நம்பித்தான் இங்கே இரசாயனத் தொழிற்சாலையே வந்தது. உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். தொழிற்சாலையைப் போர் தின்றுவிட்டது. காற்றிலுள்ள உப்பு அப்படியே இருக்கிறது. மதிலின் கம்பி, படலையின் கொளுவி, தண்ணீர் மோட்டரின் போல்ட் என்று அது தொடாத இரும்பு இந்தப் பக்கத்தில் இல்லை. காரின் பிறேக்கில் இருக்கும் ஒரு சின்னத் திருகாணியையும் அது தொடுகிறது. தண்டவாளம் போல நேராகக் கிடக்கும் ஏ9 வீதியில் வேகமான கார் வைத்திருக்கும் பொடியள் பலருக்கு அந்தத் திருகாணியின் நினைவு வருவது, அது கழலாமல் அடம்பிடிக்கும் அன்றைக்குத்தான்.

கராஜில் அதை நிப்பிள் என்பார்கள். ஒவ்வொரு சில்லிலும் உள்ள கலிப்பரின் உச்சியில் இருக்கும். உள்ளே துளை, நுனி கூம்பு. இறுக்கினால் கூம்பு போய் இருக்கையில் அமர்ந்து வழியை அடைக்கும். கால் சுற்று தளர்த்தினால் பழைய பிறேக் ஒயிலும் அதோடு சிக்கிய காற்றும் வெளியே வரும். ஒயில் கசியாமல் பிடிப்பது இந்தக் கூம்புதான், புரிக்கு அதில் பங்கில்லை. இந்த ஒரு விசயம் விளங்கினால் கடையில் பாதி ஏமாற்று நடக்காது.

இவ்வளவு சின்னச் சாமானுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றரில் வந்து நிற்கும்போது அதன் பிறேக்குகள் விழுங்கும் வெப்பம், ஒன்றரை லீற்றருக்கு மேல் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நாலு மடங்கு. அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஒயிலுக்கும் போய்ச் சேரும். புது டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஒயிலுக்கு 155 பாகைதான் உத்தரவாதம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் பலகை மட்டும் போகும், கார் நிற்காது. அறுவடை முடிந்த காலத்தில் வீதிக்குக் குறுக்கே மாடு படுத்திருக்கும் ஊரில் இதை விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டிக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியைக் கைபேசியில் பார்க்காத தமிழர் குறைவு. பிறேக் செயலிழந்ததே காரணம் என்று அவர் தரப்பு சொன்னது. அவருக்குக் காயமில்லை, அதே வார இறுதியில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்தக் காணொளிக்குப் பிறகுதான் நம்முடைய பொடியளுக்கும் பிறேக்கில் கண் போனது. நல்லதுதான். ஆனால் போன கண் நேரே நிறம் பூசிய டைட்டேனியம் நிப்பிளில் போய் நின்றது.

டைட்டேனியம் இரும்பின் எடையில் பாதியை விடச் சற்றுக் கூட. ஒரு நிப்பிளில் மிச்சமாவது சில கிராம். சுற்றுக்குச் சுற்று கணக்குப் பார்க்கும் ஓட்டப் பந்தயத்தில் அதற்கு நியாயம் இருக்கலாம். பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் போய் வரும் காருக்கு இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நம்முடைய காற்றில் இருக்கிறது. லான்சர் எவோ 5 முதல் வந்த பிறெம்போ போன்ற நல்ல கலிப்பர்கள் அலுமினியம். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் ஒட்டியிருந்தால் அவற்றில் பலவீனமானது கரையும். டைட்டேனியத்துக்கும் துருப்பிடிக்காத உருக்குக்கும் பக்கத்தில் அலுமினியம்தான் பலவீனம். நிப்பிள் மினுங்கிக்கொண்டே இருக்கும், கலிப்பரின் புரி மாவாகும். நாகம் பூசிய சாதாரண உருக்கு நிப்பிளில் கேடு முதலில் அந்தப் பூச்சுக்குத்தான். நிப்பிள் போனால் சில நூறு ரூபாய். கலிப்பர் போனால் கணக்கே வேறு.

ஆகவே என் தெரிவை வெளிப்படையாகவே சொல்லுகிறேன்: அலுமினியக் கலிப்பருக்குத் தயாரிப்பாளரின் பூச்சுப் பூசிய நிப்பிள், இரும்புக் கலிப்பருக்கு விரும்பினால் துருப்பிடிக்காதது. எதுவானாலும் தலையில் றப்பர் மூடி கட்டாயம். பந்தய நிப்பிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு மூடியில்லாமல் ஓடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூடி இல்லாவிட்டால் துளைக்குள் வயல் தூசும் உப்பும் இறங்கி, அடுத்த முறை திறக்கும்போது சேறுதான் இருக்கும்.

அளவு அடுத்த பொறி. யப்பான் கார்களில் 10 மில்லிமீற்றர், 8, 7 என்று மூன்றும் புழங்குகின்றன. ஒரே காரின் முன்னுக்கும் பின்னுக்கும் வேறாகவும் இருக்கும். 90களின் பொருளாதாரத் தடையில் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ், ஒஸ்ரின் கார்களுக்கோ அங்குலக் கணக்கு. அந்தக் காலத்துச் சாமான் பெட்டி இன்னும் சில கராஜ்களில் இருக்கிறது, அதில்தான் ஆபத்து. எட்டில் மூன்று அங்குல நிப்பிள் 9.5 மில்லிமீற்றர், புரி இடைவெளியும் 10 மில்லிமீற்றர் நிப்பிளுக்குக் கிட்ட வரும். கையால் திருகினால் இலகுவாகப் போகும். இறுக்கும்போதுதான் அலுமினியப் புரியை உரித்துக்கொண்டு வரும். பழைய நிப்பிளைக் கழற்றி, வேணியரால் விட்டத்தையும், நுனியிலிருந்து தலை வரையான நீளத்தையும், கூம்பின் சாய்வையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் புதியதற்குக் காசு கொடுக்கக் கூடாது.

தனியாளாக வேலை செய்ய உள்ளே பந்தும் சுருளியும் வைத்த நிப்பிள் விற்கிறது. மிதிக்கும்போது ஒயில் வெளியே போகும், விடும்போது பந்து அடைத்துக்கொள்ளும். துணைக்கு ஆளில்லாதவருக்கு வசதி. ஆனால் அந்தச் சுருளிக்குள் ஒரு தூசுமணி சிக்கினாலும் பந்து சரியாக அடைக்காது. போன காற்றே திரும்பி வரும். நம்முடைய தூசுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பெடல் மிதிக்க ஒரு தம்பியோ மருமகனோ கிடைக்காத வீடா இது?

கழற்றும் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அண்மையில் இங்கே ஒரு கராஜில் பழைய இம்பிரெசா ஒன்றின் பின் சில்லைக் கழற்றி வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில் இப்படி வயசான வேகக்காரர் நிறைய. நிப்பிள் துருவில் கரிய கட்டியாக இருந்தது. கார்க்காரப் பொடியன் வாய் திறந்த ஸ்பனரை நீட்டினான். மெக்கானிக் வாங்கவில்லை. கம்பித் தூரிகையால் அடியைச் சுரண்டினார், துரு இளக்கும் எண்ணெய் விட்டார், பிளேன்ரீ குடித்தார். பிறகு துளைக்குள் அளவான துளைக்கம்பி ஒன்றைச் செருகினார்.

"இது ஏன் அண்ணை?"

"உள்ளுக்கு வெறும் குழாய், தம்பி. நெருக்கினா சப்பளிஞ்சு முறியும். முறிஞ்சா கலிப்பரைக் கழட்டிக் கடைசலுக்குத்தான் கொண்டு போகோணும்."

அறுமுக வளைய ஸ்பனரைப் போட்டுத் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினார். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம். 'கிறீச்' என்று ஒரு சத்தம். தெளிந்த குழாய் வழியே போத்தலில் இறங்கிய ஒயில் அவர் குடித்த பிளேன்ரீயின் நிறம்.

பொடியனுக்குக் கேள்வி முடியவில்லை. "யூரியூப்பிலை வலப்பக்கப் பின் சில்லிலை தொடங்கச் சொல்லுறாங்கள். நீங்கள் இடப்பக்கம் தொடங்கிறியள்?"

"அந்த வெள்ளைக்காரன் இருந்து ஓடுறது இடப்பக்கம். நீ வலப்பக்கம். மாஸ்டர் சிலிண்டர் உனக்கு முன்னாலை. எந்தச் சில்லு தூரம் எண்டு பார்."

தூரமான சில்லில் தொடங்கிக் கிட்டடிக்கு வருவது பழைய வழக்கம். சில கார்களுக்குக் கையேடு வேறு வரிசை சொல்லும், அப்போது கையேடுதான் சட்டம். வெளியிலும் உள்ளிலும் இரண்டு நிப்பிள் உள்ள கலிப்பரில் இரண்டையும் திறக்க வேண்டும். பெரிய கலிப்பர் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும்: இடமும் வலமும் மாறிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலே தங்கிவிடும். எத்தனை போத்தல் ஒயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். பழைய காரில் பெடலைப் பலகை வரை மிதிக்கவும் கூடாது. வழக்கமாகப் போகாத இடத்துத் துரு மாஸ்டர் சிலிண்டரின் றப்பரைக் கிழிக்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

புது நிப்பிளின் புரியில் ஒட்டாமல் காக்கும் பசையை மெல்லிதாகப் பூசலாம். துளையிலும் கூம்பிலும் படக் கூடாது. வெண்ணிற நாடா சுற்றுவது வேண்டாத வேலை. கூம்பு சரியாக அமராத நிப்பிளை நாடா காப்பாற்றாது, பிய்ந்த துண்டுதான் உள்ளே போகும். உறிஞ்சி எடுக்கும் கருவி பாவிக்கும்போது குழாயில் குமிழி நிற்காமல் வந்தால் பதற வேண்டாம். தளர்ந்த புரி வழியே வெளிக்காற்று இழுபடுவதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் பெடலை மிதித்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

இறுக்கும்போது கைப்பலத்தைக் காட்டுவதுதான் நிறையப் பேர் செய்யும் கேடு. 10 மில்லிமீற்றர் நிப்பிளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 நியூட்டன் மீற்றருக்குள்தான் கேட்பார்கள், 7 மில்லிமீற்றருக்கு இன்னும் குறைவு. குட்டை ஸ்பனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு அது. இறுக்கியபின் சிந்திய ஒயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ற் உரியும். இயந்திரத்தை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து நிப்பிளைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடலாம். டைட்டேனியத்துக்கு வைத்திருந்த காசில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நல்ல டொட் 4 வாங்கலாம். கடைத் தட்டில் பாதி பாவித்து மூடி வைத்ததை மலிவு என்று எடுக்க வேண்டாம், சீல் உடையாததைக் கேட்டு வாங்குங்கள்.