அளவான செலவில் ஓர் உல்லாச விடுமுறை

சித்திரை பிறந்ததும் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் புறப்படுவது நம்மவர்களிடையே எழுதப்படாத விதியாகிவிட்டது. மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் களைகட்டும் அந்த வசந்த காலத்தில், ஏனைய நாட்களிலும் பார்க்கப் பன்மடங்கு வாடகை கேட்கும் அறையொன்றில் குடும்பமாக நெருக்கியடித்துத் தங்கி, கிரகறி வாவியைச் சுற்றிய வாகன நெரிசலில் அரை நாளைத் தொலைத்துவிட்டு, போனதிலும் அதிகக் களைப்புடன் வீடு திரும்புவதையே விடுமுறை என்கின்றோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் உயர்ந்த விலைவாசியை மாதச் சம்பளத்தால் எட்டிப்பிடிக்க முடியாதிருக்கையில், நகையை அடகு வைத்துப் பயணம் போகும் குடும்பங்களும் இல்லாமலில்லை. உல்லாசத்தைப் பணத்தை இறைத்துத்தான் பெறலாம் என்ற எண்ணமே இதற்கு மூலகாரணம்.

உண்மையில் இந்நாட்டில் விடுதிக் கட்டணத்தைத் தீர்மானிப்பது பருவக்காற்றே. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற் பருவக்காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவை கரைகளைக் கொந்தளிக்கச் செய்யும்போது, கிழக்கில் நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம்போல் அமைதியாயிருக்கும். டிசம்பரில் நிலைமை தலைகீழாகும். எந்தக் கரையில் கடல் அமைதியோ அங்கே கட்டணம் உயரும். எனவே கடற்குளிப்பே நோக்கமெனில் பருவத்தின் விளிம்பை, உதாரணமாகக் கிழக்குக்குச் செப்டெம்பரை, தெரிந்துகொள்ளலாம். நல்ல அறை, நீச்சல் தடாகம், சுவையான உணவு ஆகியனவே போதுமெனில் யூன் மாதத்துப் பெந்தோட்டை மலிவானது. ஆனால் அக்காலத்தில் அங்கு கடலில் இறங்கலாகாது.

வார இறுதியையும் போயா விடுமுறையையும் தவிர்த்தால் கட்டணம் மேலும் குறையும். இதில் முஸ்லிம் வாசகர்களுக்கு ஓர் அனுகூலமுண்டு. முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை பொதுவாக ஏனைய பாடசாலைகள் நடைபெறும் நாட்களிலேயே வருவதால், பெருநாளையடுத்த ஓரிரு வார நாட்களில் விடுதிகளில் கூட்டமிராது. ஹலால் உணவு தனியாகச் சமைக்கப்படுகின்றதா என்பதை அறை பதியும்போதே கேட்டறிதல் நன்று.

மூன்று இரவுகளையும் நட்சத்திர விடுதியிலேயே கழிக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. திருகோணமலைக்குச் செல்லும் குடும்பம் முதலிரு இரவுகளை உப்புவெளியில் துப்புரவான சாதாரண விடுதியொன்றில் கழிக்கலாம். பகல் முழுவதும் கோணேஸ்வரம், மான்கள் உலாவும் பிரெட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீரூற்று என வெளியில் திரிபவர்களுக்கு விலையுயர்ந்த அறை எதற்கு? இறுதி நாளை மட்டும் நிலாவெளியில் நல்லதொரு கடற்கரை ஹோட்டலுக்கு ஒதுக்கி, நண்பகலில் புகுந்து மறுநாள் நண்பகல் வரை எங்கும் செல்லாது அங்கேயே இருந்தால், கொடுத்த பணத்தின் முழுப் பயனும் கிட்டும். தங்காமலே மதிய உணவையும் தடாகத்தையும் அனுபவிக்கும் பகற்பொழுதுச் சலுகைகளையும் பல ஹோட்டல்கள் வழங்குகின்றன.

சிக்கனம் என்ற பெயரில் நாம் செய்யும் ஒரு காரியத்தை இங்கு சொல்லியாக வேண்டும். அடுப்பையும் சட்டி பானையையும் வானில் ஏற்றிச் சென்று, போன இடத்திலும் வீட்டுப் பெண்களைச் சமைக்க வைப்பதே அது. ஆண்களும் பிள்ளைகளும் கடலில் குளிக்க, தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அவருக்கு அது விடுமுறையே அல்ல. வேறு எதைக் குறைத்தாலும் காலையுணவும் இரவுணவும் சேர்ந்த கட்டணத்தில் அறை எடுப்பதைக் குறைக்கலாகாது என்பதே நமது கருத்து.

கட்டணம் கேட்பதிலும் விழிப்பு வேண்டும். இணையத்தில் டொலரில் காணும் விலையைக் கண்டு மலைக்காமல், நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து உள்நாட்டவருக்கான ரூபாக் கட்டணத்தைக் கேட்க வேண்டும். பல ஹோட்டல்களில் இது கணிசமாகக் குறைவு. அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும். சொல்லப்படும் தொகையில் வரிகள் அடங்குமா என்பதும் முக்கியம். 20,000 ரூபா அறைக்கு 10 வீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிய பெறுமதி சேர் வரியும் சேர்ந்தால் 25,960 ரூபாவாகிவிடும். கணக்கில் வராத இந்த ஆறாயிரம் ரூபாதான் கடைசி நாளில் பலரது முகத்தை வாடச் செய்கின்றது.

அரச ஊழியர்கள் தமக்குரிய புகையிரத ‘வொறன்ட்’டைப் பயன்படுத்தாமல் விடுவதும், தமது திணைக்களத்துக்குச் சுற்றுலா விடுதி உண்டா என விசாரியாமலிருப்பதும் விந்தையே. புகையிரத ஆசனங்களை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பெற்றுவிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயல் மலையகத்துத் தெருக்களையும் புகையிரதப் பாதையையும் சிதைத்ததை நாம் கண்டோம். ஆகவே மலையகத்துக்குப் புறப்படுவோர் பாதைகளின் நிலையை முன்கூட்டியே விசாரித்தறிவதுடன், பயணம் தடைப்பட்டால் முற்பணம் திருப்பித் தரப்படுமா, அன்றேல் திகதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே பணத்தைச் செலுத்த வேண்டும்.