எவ்வளவு என்று கேட்பது

யங்கோனில் (எம்மில் பலருக்கு அது இன்னமும் இரங்கூன்தான்) நோயாளிகள் வைத்தியரை 'ஸயா' என்று அழைக்கிறார்கள். ஆசிரியருக்கும் அதே சொல்தான். மூத்த பிக்குவைக் குறிக்கும் 'ஸயாடோ'வும் அச்சொல்லிலிருந்து வந்ததே. ஆகவே தெருவோரக் கிளினிக்கின் வாங்கில் காத்திருந்து உள்ளே வருபவர், குரு ஸ்தானத்திலுள்ள ஒருவரின் முன்னால்தான் அமர்கிறார். பௌத்தத்தின் ஐந்தாம் சீலமோ மதுவை விலக்கச் சொல்கிறது. இந்நிலையில் 'நீங்கள் குடிப்பீர்களா?' என்ற கேள்வி மருத்துவக் கேள்வியாக அவர் காதில் விழுவதில்லை. சீலத்தை மீறினீர்களா என்றே விழுகிறது. 'எப்பவாவது, நண்பர்களோடு' என்ற பதிலை அவர் தயாராகவே வைத்திருக்கிறார்.

குடியை ஒரு முறைப்பாடாகச் சொல்லிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் வருபவர் மிகச் சிலர். வருவது வயிற்றெரிவு, நித்திரையின்மை, மருந்துக்கும் இறங்காத இரத்த அழுத்தம், கால் விறைப்பு, விழுந்து அடிபட்ட காயம். யங்கோனின் தனியார் கிளினிக்குகளில் வைத்தியரே மருந்தையும் கொடுப்பது வழக்கம். மாலையில் வாசல்வரை ஆட்கள் நிற்கும்போது, வயிற்றெரிவுக்கு ஒரு குளிசையைக் கொடுத்து அடுத்தவரை அழைப்பது எல்லோருக்கும் வசதி. குடி அங்கே பேசப்படாமலே போகிறது.

இதற்கென மேற்கில் உருவான கேள்விக்கொத்துகள் உண்டு. அமெரிக்க உளமருத்துவர் ஜோன் யூயிங் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் மிகப் பிரபலமானவை: குறைக்க நினைத்ததுண்டா, மற்றவர் குறைகூறி எரிச்சலடைந்ததுண்டா, குற்றவுணர்வு கொண்டதுண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. இவற்றில் மூன்றாவது கேள்வி யங்கோனில் எதை அளக்கும் என்பது எனக்குச் சந்தேகமே. ஒரேயொரு குவளை பியர் குடித்த பக்திமானும் 'ஆம்' என்பார். தினமும் அரைப் போத்தல் குடித்து மரத்துப்போனவர் 'இல்லை' என்பார். உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் இதைவிடப் பயனுள்ளவை. அவை நோர்வே, கென்யா, மெக்சிக்கோ உட்பட ஆறு நாடுகளில் பரிசோதித்து உருவாக்கப்பட்டவை. எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு என்றுதான் அவை தொடங்குகின்றன. நாற்பதுக்கு எட்டும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும்.

'எவ்வளவு' என்பதில்தான் விடயம் இருக்கிறது. குடிப்பவரா இல்லையா என்று மனிதரை வகைப்படுத்தாமல், உப்பையும் சீனியையும் கேட்பது போல அளவைக் கேட்பது. பியரா, ரம்மா, வெள்ளைச் சாராயமா? ஐந்து வீதப் பியரின் 640 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 25 கிராம் மதுசாரம் உண்டு. 40 வீத விஸ்கியின் 175 மில்லிலீற்றர் கால் போத்தலில் 55 கிராம். 'ஒரு கால் போத்தல்தான் ஸயா' என்பவர் இரண்டு பெரிய பியருக்கு மேல் குடிக்கிறார் என்பதை அவருமே கணக்குப் பார்த்திருக்க மாட்டார்.

பௌத்த வஸ் காலம் ஏறத்தாழ யூலை முதல் ஒக்டோபர் வரை நீள்கிறது. அம்மூன்று மாதமும் குடியை நிறுத்துவோர் பர்மியரிடையே பலர். விரதத்துக்கும் தீமிதிக்கும் நிறுத்தும் தமிழரும் அங்கு உண்டு. 'வஸ்ஸுக்கு நிறுத்தினீர்களா? முதல் மூன்று நாள் எப்படி இருந்தது?' என்று கேட்பதில் பழி எதுவும் இல்லை; ஆனால் பதில் நிறையச் சொல்லும். கை நடுங்கியது, வியர்த்தது, நித்திரை வரவில்லை என்றால் உடம்பு மதுவில் தங்கியிருக்கிறது என்று பொருள்.

அத்தகையவரிடம் 'இன்றோடு விட்டுவிடு' என்பது நல்ல உபதேசமாகத் தோன்றலாம், ஆனால் ஆபத்தானது. நிறுத்திய ஆறு மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அதையொட்டி, இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலையும் ஏற்படலாம், உயிரும் போகலாம். டயசிப்பாமைத் தொடங்கிச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கமான சிகிச்சை. அதோடு தயமின், அதாவது விற்றமின் பி1. தீட்டிய அரிசிச் சோறும் வெற்றிலை பாக்கும் அன்றாடமாக உள்ள நாட்டில் இந்த விற்றமின் முன்னமே குறைவு. குடி மிச்சத்தையும் தின்றுவிடும். களைத்து வந்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். சேலைன் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்பும் எம்மவரும் இதைக் கவனிப்பது நல்லது.

தங்கியிருத்தல் இல்லாத பெரும்பான்மையினருக்கு ஐந்து பத்து நிமிடக் கதையே போதிய சிகிச்சையாக அமையலாம். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களின் தொடக்கத்தில் நோர்வேயின் பேர்கனில் தங்கியிருந்தபோது சக சிகிச்சையாளர்களுடன் கதைத்ததிலிருந்து உருவாகி, 1983இல் எழுதிய முறை இதற்கு அடிப்படை. நோயாளியுடன் வாதாடாதே, மாற வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல விடு என்பதே அதன் சாரம். உபதேசத்தை எதிர்பார்த்து வந்தவரிடம் உபதேசிக்காதிருக்க ஒரு 'ஸயா'வுக்குக் கொஞ்சம் துணிவு வேண்டும்.

2021 பெப்ரவரி இராணுவச் சதிக்குப் பின் இந்தச் சுமை கூடியிருக்கிறது. இராணுவ ஆட்சியின் கீழ் வேலைசெய்ய மாட்டோமென முதலில் வெளியேறியவர்களில் அரசாங்க வைத்தியர்கள் முக்கியமானவர்கள். பலர் கைதாயினர். வெளியேறியவர்களை வேலைக்கு வைத்த தனியார் மருத்துவமனைகள் மாண்டலேயில் மூடப்பட்டன. வலிப்பு வரக்கூடியவரை வார்ட்டுக்கு அனுப்புவது முன்னர்போல் எளிதல்ல. நகரின் கிழக்கு விளிம்பில் யுவாதாஜீ மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே போவதென்றால் எமக்கு அங்கொடை போவதைப் போன்ற பழி. எனவே முன்னர் வலிப்பு வந்திராத, வீட்டில் பொறுப்பான ஒருவர் உள்ள நோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை. குளிசை மனைவியின் அல்லது அக்காவின் கையில், வைத்தியர் தினமும் பார்ப்பது என்ற ஏற்பாடுதான் நடைமுறைச் சாத்தியம்.

அந்த மனைவியோ பெரும்பாலும் தனியாகவே முதலில் வருவாள். 'அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க ஏதும் மருந்து இருக்கா?' என்பது எமது ஊர்களிலும் புகலிட நாடுகளிலும் கேட்கும் அதே கேள்வி. டைசல்பிராம் என்ற மருந்தை மனதில் வைத்தே அப்படிக் கேட்கிறார்கள். அதை விழுங்கியது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து மரணமும் நேரலாம். ஆகவே மறுக்கத்தான் வேண்டும். மறுத்துவிட்டு, அவரைப் பிரஷர் பார்க்கக் கூட்டிவரச் சொல்லலாம். பிரஷர் பார்க்க என்றால் அநேகமாக வருவார்.