சொந்த லாரியும் சுதந்திர ஜீவனமும்

ஐக்கிய அமெரிக்காவில் சொந்தமாக ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனியின் பெயரையும் அண்டி நில்லாமல், தமது சொந்த அனுமதியின் பேரில் மாகாணம் விட்டு மாகாணம் சரக்கேற்றிச் செல்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த அனுமதிக்குச் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 300 டாலர்தான். சுதந்திர ஜீவனம் இவ்வளவு மலிவா என்று நமது நேயர்கள் அதிசயிக்கக்கூடும். அவ்வளவு மலிவல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

முன்னாளில் பணம் இருந்தாலும் இந்த அனுமதி லேசில் கிடைத்ததில்லை. 1935-ம் வருஷத்துச் சட்டம் லாரித் தொழிலை மாகாணாந்தர வர்த்தகக் கமிஷனின் ஆதீனத்தில் வைத்தது. புதிதாக இறங்குகிறவன், தன் சேவை பொது ஜனங்களுக்குத் தேவை என்று ருஜுப்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனிகளோ ஆக்ஷேபணை செய்யலாம். பந்தியில் அமர்ந்தவர்களின் சம்மதம் கேட்டு, பின்னால் வந்தவனுக்கு இலை போடுவதை ஒக்கும் இது. 1980 ஜூலை 1-ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அந்தக் கதவைப் பெரிதும் திறந்துவிட்டது.

உள்ளே போனவனுடைய நிலைமை என்ன? சாதாரணச் சரக்குக்கே 7,50,000 டாலருக்குக் குறையாத இன்ஷியூரன்ஸ் வேண்டும் என்கிறது சட்டம். சரக்குக் கொடுப்போர் பெரும்பாலும் பத்து லட்சம் கேட்கிறார்கள். முதல் 18 மாதங்கள் சர்க்காரின் விசேஷக் கண்காணிப்பு. பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் வேலை தொடங்கினால் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. 14 மணி நேரம் கடந்த பின்னும் ஓட்டலாகாது. கிடங்கு வாசலில் வீணே காத்துக் கிடந்த நேரமும் பொதுவாக அந்தப் பதினான்கில் சேர்ந்துவிடும்! ஆயினும், பாதையில் போகும் பிறர் உயிரைக் காக்கும் விதிகளை நாம் குறை கூறோம்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. ஒற்றை லாரிக்காரனுக்குச் சரக்கின் சொந்தக்காரரைத் தெரியாது. நடுவில் தரகர் இருக்கிறார். தரகரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திரும்பும் பாதையில் வண்டி காலியாக ஓடாமல் சரக்குத் தேடித் தருபவர் அவரே. ஆனால் அவர் வாங்கிய கூலி எவ்வளவு, லாரிக்காரனுக்குக் கொடுத்தது எவ்வளவு? சம்பந்தப்பட்ட எவரும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஆயினும், அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து சேர்ந்துவிடுகிறது. டீசலுக்கு இன்றே ரொக்கம் வேண்டும். கூலியோ முப்பது நாள் கழித்து வருவது வழக்கம். பட்டியலைக் கழிவுக்கு விற்றுப் பணம் வாங்குவோரும் அநேகர். இந்த நெருக்கடியில் ஷரத்தைப் படித்துப் பார்த்துப் பேரம் பேசுபவன் யார்?

2020 மே மாதத்தில், கூலி அடியோடு சரிந்த சமயம், லாரிக்காரர்கள் தலைநகரான வாஷிங்டனில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கிளர்ச்சி செய்தார்கள். 2024 நவம்பரில் சர்க்கார் ஒரு விதி நகலை வெளியிட்டது. கேட்ட 48 மணி நேரத்துக்குள் தரகர் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அது வியாபார ரகசியம் என்பது தரகர்களின் வாதம். ஊரார்க்கு அது ரகசியமாக இருக்கட்டும். சரக்கைச் சுமந்து சென்றவனுக்கே ரகசியமாக இருப்பதன் நியாயம் நமக்கு விளங்கவில்லை.