ஒரு நூலில் முந்நூறு பங்கு

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் மரப்பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கதவுச் சட்டங்களுக்கு மோல்டிங் ஓட்டப் புதிதாக ஒரு ஸ்பிண்டில் ஷேப்பர் வாங்கி இறக்கியிருக்கிறார். டேபிள் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி ஸ்பிண்டிலோடு ஒட்டிப் பார்த்தால் துளி வெளிச்சம் தெரியவில்லையாம். ஆனால் நெடுஞ்சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு முகம் மட்டும் வாய் பிளந்து நிற்கிறது. மரம் நன்றாகக் காய்ந்ததுதான், கட்டரும் புதிதுதான். பிறகு கோளாறு எங்கே என்பது அவர் கேள்வி.

முதலில் அந்த மூலைமட்டத்தையே சோதிக்க வேண்டும். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு கிழிக்கவும். மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. கத்தரி போல விரிந்தால், மட்டத்தில் இருக்கும் பிழை இரு மடங்காகக் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். பலமுறை கை தவறிக் கீழே விழுந்த மட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

மட்டம் தேறினாலும் வேலை முடியவில்லை. அது தொட்டுப் பார்ப்பது ஸ்பிண்டிலின் மேல்தோலை. கட்டர் சுழல்வதோ பேரிங்குகளுக்கு நடுவே ஓடும், கண்ணுக்குத் தெரியாத அச்சில். தோலும் அச்சும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்பிண்டில் லேசாக வளைந்திருந்தால், அல்லது அது உட்காரும் கூம்புக் குழியில் தூசி இருந்தால், ஒரு நிலையில் நேராகத் தெரிவது அரைச் சுற்று திருப்பியதும் சாய்ந்து தெரியும்.

அச்சைப் பிடிக்க ஒரு டயல் கேஜ் வேண்டும். நூல் கணக்கில் பழகிய கை இங்கே கொஞ்சம் மாற வேண்டியிருக்கும். ஒரு நூல் என்பது 3.175 மில்லிமீட்டர். டயல் கேஜின் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். அதாவது ஒரு நூலுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட கோடுகள்.

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபென்ஸைக் கழற்றி, டேபிளைத் துடைத்துவிட்டு, ஓர் இரும்புக் கையின் உதவியால் கேஜை ஸ்பிண்டிலிலேயே கட்ட வேண்டும். அதன் முனை டேபிளைத் தொடட்டும். பிறகு ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினால் முனை டேபிள் மேல் ஒரு வட்டம் போடும். இந்த அளவையின் அழகே இதில்தான் இருக்கிறது. ஸ்பிண்டில் வளைந்திருந்தாலும் இந்த அளவு கெடாது. செக்கின் உலக்கை எவ்வளவு சாய்ந்திருந்தால் என்ன, மாடு நடக்கும் தரையின் மேடுபள்ளம் மாட்டின் காலுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அப்படித்தான். முனை அச்சைச் சுற்றித்தான் நடக்கிறது; டேபிள் அந்த அச்சுக்குச் செங்குத்தாக இல்லையென்றால் முள் நகர்ந்து காட்டிக்கொடுக்கும்.

வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 500-க்கு 1 சாய்வு. 35 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டத்தில் இது வெறும் 0.07 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. ஆனால் நெடுஞ்சட்டம், குறுக்குச் சட்டம் இரண்டையும் நல்ல முகம் கீழே இருக்க ஓட்டினால் இரண்டிலும் சாய்வு ஒரே பக்கம் விழும். சேர்க்கும்போது 0.14. எழுதும் தாளைவிடக் கனமான சந்து அது. மூலைமட்டத்தைப் புரட்டியபோது பிழை இரட்டித்ததே, அதே கணக்கு இங்கே மரத்தில் நடக்கிறது. ஒரு சட்டத்தைப் புரட்டி ஓட்டினால் சந்து மறைந்துவிடும் என்பதும் இதனால்தான். வாசகர் தம் மெஷினில் சாய்வு உண்டா என்று உறுதிசெய்ய இதுவே கைவசம் இருக்கும் எளிய சோதனை.

முன்பின் சாய்வுதான் மூட்டைக் கெடுக்கும். மரம் ஓடும் திசையில், இடவலமாக உள்ள சிறு சாய்வு வேலையில் தெரியவே தெரியாது. அதைத் துரத்தி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

சரிசெய்வது ஷிம் தகட்டால். ஸ்பிண்டில் கூட்டைத் தாங்கும் போல்ட்டுகளின் இடைவெளி 250 மில்லிமீட்டர் என்றால், மேலே சொன்ன சாய்வுக்கு ஒரு பக்கம் 0.5 மில்லிமீட்டர் தகடு போதும். போல்ட்டை இறுக்கியதும் அளவு மறுபடி நகரும். ஆகவே இறுக்கிய பிறகு எடுக்கும் அளவே கணக்கு. திருத்தணி வட்டாரத்துக் கோடையில், தகரக் கூரையின் கீழ் காலையில் எடுத்த அளவு மதியம் நிற்காது. மெஷினைக் கால் மணி நேரமாவது வெறுமனே ஓட்டி, பேரிங் சூடேறியபின் அளப்பது நல்லது.

அடுத்து ஆட்டம். இப்போது கேஜ் டேபிளில் நிற்க, முனை ஸ்பிண்டிலைத் தொட வேண்டும். நல்ல மெஷினில் முள் இரண்டு மூன்று கோடுகளுக்குமேல் ஆடாது. கூடுதலாக ஆடினால், மேடான இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து, கழற்றக்கூடிய ஸ்பிண்டிலாக இருந்தால் கூம்புக் குழியில் அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கலாம். மேடு புள்ளியோடு நகர்ந்து போனால் ஸ்பிண்டில் வளைவு. பழைய இடத்திலேயே நின்றால் குழியில் குற்றம். பல நேரம் ஒரு துளி மரத்தூள்தான். ஆட்டத்தை விட்டுவைத்தால் கட்டரின் மூன்று கத்திகளில் ஒன்றுதான் வேலை செய்யும். நிமிடத்துக்கு 6000 சுற்றில், 6 மீட்டர் வேகத்தில் மரத்தைத் தள்ளும்போது 0.33 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விழ வேண்டிய வெட்டு 1 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விழும். வார்னிஷ் அடித்ததும் அந்த அலை எழுந்து தெரியும்.

இந்த மாதிரிச் சோதனைகளுக்கு முறையும் வரம்பும் வகுத்து 1927-இல் நூலாக்கியவர் பெர்லின் பேராசிரியர் கேயார்க் ஷ்லெசிங்கர். அவர் வகுத்த வழிதான் இன்றும் உலகமெங்கும் உலோகக் கடைசல் மெஷின்களை வாங்குவோர் கேட்கும் சோதனைத் தாளின் அடிப்படை. மர மெஷின் வாங்குவோர் மட்டும் அதைக் கேட்பதே இல்லை. சந்து விழுந்தால் மரத்தூளில் பசை குழைத்து அடைத்துவிடலாம் என்ற எண்ணம், நல்ல ஆசாரிகளின் உழைப்பையே கொச்சைப்படுத்துகிறது.

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. 125 மில்லிமீட்டர் கட்டர் 6000 சுற்றில் ஓடும்போது கத்தி நுனியின் வேகம் மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வெறும் 10 கிராம் எடை ஏறுமாறாக இருந்தால், பேரிங்கை ஏறத்தாழ 20 கிலோ பாரம் நொடிக்கு 100 முறை சுழற்றி இழுக்கும். அப்படி அதிரும் கட்டருக்கு முன்னால்தான் ஒருவருடைய விரல்கள் இருக்கின்றன. மெஷினோடு வந்த கட்டர் காப்போ மூலையில் ஒட்டடை படிந்து கிடக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பொதுவாக 10 பேர் வேலை செய்தால்தான் செல்லுபடியாகும் என்றது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. மூன்று நான்கு பேர் வேலை பார்க்கும் ஊர்ப்பட்டறைகள் முன்பும் வெளியேதான், இப்போதும் வெளியேதான். அங்கே காப்பை மாட்டச் சொல்ல எந்த ஆய்வாளரும் வரமாட்டார். முதலாளிதான் மாட்ட வேண்டும்.

ஆகவே கே.ஜி.கண்டிகை வாசகருக்கும், மெஷின் வாங்கும் யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீதிப் பணம் தருவதற்கு முன், விற்றவரின் ஃபிட்டர் பக்கத்தில் இருக்கும்போதே சாய்வு, ஆட்டம் என்ற இந்த இரண்டு அளவுகளையும் எடுத்து, எண்களைத் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.