சுவருக்குள் ஒரு கணப்பு

நம் வீட்டுச் சமையலறையில் காஸ் அடுப்பு எரிகிறது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. அடுப்பின் நீலச் சுடரில் கரி இல்லை, புகை இல்லை, கண்ணும் எரிவதில்லை. அப்படியிருக்க, குளிர் நாடுகளில் அதே எரிவாயுவைக் கொண்டு அறையைச் சூடாக்கும் கணப்புக்கு மட்டும் சுவருக்குள்ளேயே குழாய் வைத்து, அதைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் விடுகிறார்களே, ஏன்? சுடர் ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் அந்தக் கணப்பை ஒழுங்காகப் பொருத்தச் செய்வார். தெரியாதவர், "குழாய் கொஞ்சம் விலகியிருந்தால் என்ன? சூடுதான் வருகிறதே" என்று இருந்துவிடுவார். முன்னவர் வீட்டில் எல்லாரும் காலையில் எழுந்திருப்பார்கள். பின்னவர் வீட்டைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவின் பழைய சிறு வீடுகளிலும் அடுக்கு வீடுகளிலும், கூடத்துச் சுவரில் ஆளுயர இரும்புத் தகட்டுப் பெட்டி ஒன்று பதிந்திருப்பதைக் காணலாம். மேலும் கீழும் பலகணி போன்ற துளைகள். உள்ளே சிறு சுடர். இதுவே சுவர்க் கணப்பு. அங்கு வீடுகள் செங்கல்லால் அல்ல, மரச் சட்டங்களால் எழுப்பப்படுகின்றன. செங்குத்தான சட்டங்களை மையத்துக்கு மையம் 16 அங்குல இடைவெளியில் நட்டு, இருபுறமும் ஜிப்சம் பலகை அறைவார்கள். இரு சட்டங்களுக்கு நடுவே எஞ்சும் வெற்றிடம் பதினாலரை அங்குலம். கணப்பின் அகலம் 14 அங்குலமாக இருப்பது தற்செயல் அல்ல. அந்த இடுக்கில் செருகுவதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. அறையின் குளிர்ந்த காற்று கீழ்த்துளை வழியே புகுந்து, சூடான உலோக அறையை உரசிச் சென்று, இலேசாகி மேல்துளை வழியே வெளிவரும். விசிறியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இத்தகைய கணப்பு ஒன்று மணிக்கு 35,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு எரிப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ 10 கிலோவாட். நம் வீட்டு அடுப்பின் நான்கைந்து பர்னர்களை முழு வீச்சில் எரிப்பதற்கு இது சமம். நம் வீட்டுக்கு ஒரு மாதம் வரும் 14.2 கிலோ சிலிண்டரை இதில் மாட்டினால், இடைவிடாமல் எரியும்போது சுமார் 18 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சமையலறையில் சன்னல் திறந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வேலையும் முடிந்துவிடுகிறது. கணப்போ சன்னலை அடைத்த வீட்டில், ஆட்கள் உறங்கும் நேரத்தில், இரவெல்லாம் அணைந்து அணைந்து எரிவது. வித்தியாசம் சுடரில் இல்லை. அளவிலும் நேரத்திலும் இருக்கிறது.

குழாய் வழியே வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன். மேற்சொன்ன கணப்பு ஒரு மணியில் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயுவை எரிக்கும். ஒரு பங்கு மீதேன் எரிய இரண்டு பங்கு ஆக்சிஜன் தேவை; காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஆக்சிஜன். ஆகவே பத்து கன மீட்டர் காற்று செலவாகும். விளைவாக ஒரு கன மீட்டர் கரியமில வாயுவும், ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவியும் வெளிவரும். ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்! புகைக்குழாய் ஒழுகும் வீடுகளில் குளிர்காலத்தில் சன்னல் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து வழிவதற்கு இதுவே காரணம். அது அழகான காட்சியல்ல, ஓர் எச்சரிக்கை.

பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி, எட்டடி உயரம் கொண்ட அறையில் சுமார் 51 கன மீட்டர் காற்று இருக்கும். அதை முழுக்க அடைத்துவிட்டு, புகையையும் அறைக்குள்ளேயே விட்டால், முக்கால் மணியில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். (எந்த அறையும் அவ்வளவு இறுக்கமாக அடைபடுவதில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.) மனிதனுக்கு அந்த 18 சதவீதம் பெரிய துன்பம் தராது. ஆனால் சுடருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். எரிதல் அரைகுறையாகும்போது கார்பன் முழுமையாக எரிந்து கரியமில வாயுவாக மாறாமல், கார்பன் மோனாக்சைடாகப் பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் கழிவு வாயு மறுபடியும் பர்னருக்குள் இழுக்கப்பட, சுடர் மேலும் கெடுகிறது. மேலும் நச்சு பெருகுகிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அது காற்றைவிட மிகச் சிறிதளவே இலேசானது; எனவே மேலேயும் தங்காது, கீழேயும் தங்காது, அறை முழுவதும் கலந்து நிற்கும். இது இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857-ல் விளக்கினார். பறிப்பது மட்டுமல்ல, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் இரத்தத்தில் உள்ள நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ஜே. எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இந்த வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, அதன் விளைவுகளைக் குறித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் கானரிப் பறவைகளைக் கொண்டுசெல்லும் வழக்கம் அவருடைய ஆராய்ச்சியை ஒட்டி வந்ததுதான். பறவைக்கு மூச்சின் வேகம் அதிகம். எனவே மனிதனுக்கு முன்பே அது சாய்ந்துவிடும்.

முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு, அதுதான் ஆபத்து. காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, வெளியே போனால் தெளிகிறது, திரும்பி வந்தால் மீண்டும் பிடிக்கிறது என்றால், மாத்திரையைத் தேடக்கூடாது. கதவைத் திறந்து எல்லாரும் வெளியேறி, உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். 1977-ல் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் வென்ற டென்னிஸ் வீரர் விட்டாஸ் ஜெரூலைட்டிஸ், 1994 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தில் நண்பர் ஒருவரின் விருந்தினர் குடிலில் உறக்கத்திலேயே இறந்தார். நீச்சல் குளத்து நீரைச் சூடாக்கும் எரிவாயுக் கருவியின் புகைக்குழாய் சரிவரப் பொருத்தப்படாததே காரணம். அப்போது அவருக்கு வயது 40.

ஆகவே எல்லாம் அந்தக் குழாயில் இருக்கிறது. அது எப்படிப் புகையை இழுக்கிறது? குழாய்க்குள் இருப்பது சூடான வாயு. வெளியே இருப்பது குளிர்ந்த, கனத்த காற்று. கனத்தது கீழே இறங்க, இலேசானது மேலே தள்ளப்படுகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 150 டிகிரியில் அது 0.83 கிலோதான். கணப்பின் அடியிலிருந்து குழாயின் உச்சிவரை குறைந்தது 12 அடி உயரம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த 12 அடிக்கு இந்த எடை வித்தியாசம் தரும் இழுவை எவ்வளவு தெரியுமா? ஒன்றேகால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவே! வளிமண்டலத்தின் அழுத்தம் பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் உயிர் இந்த நூலிழையில்தான் தொங்குகிறது.

இந்த நூலிழை எப்போதெல்லாம் அறும்? குழாய் உயரம் போதாவிட்டால். குறுக்கே படுக்கையாக நீண்டால். பறவை கூடு கட்டினால். குழாயின் இணைப்பு விலகினால். வீடு இறுக்கமாக அடைபட்டிருக்கும்போது சமையலறையிலோ குளியலறையிலோ பெரிய வெளியேற்று விசிறியைப் போட்டாலும் போதும். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். திறந்திருக்கும் ஒரே வழி புகைக்குழாய். மேலே போக வேண்டிய புகை தலைகீழாக அறைக்குள் இறங்குகிறது. கணப்புக்கென்று 1,000 வெப்ப அலகுக்கு 50 கன அடி வீதம் அறையின் கொள்ளளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று வரத் தனித் திறப்புகள் வேண்டும் என்று விதி வகுத்திருப்பது இதனால்தான். நம் 35,000 அலகுக் கணப்புக்கு 1,750 கன அடி. மேலே சொன்ன பதினைந்தடிச் சதுர அறை மட்டுமட்டாகத் தேறும். படுக்கையறையிலிருந்தே காற்றை எடுத்து எரியும் கணப்பை அங்கு அமைக்க விதி பொதுவாக இடம் தருவதில்லை.

குழாயும் சாதாரணத் தகரக் குழாய் அல்ல. உள்ளே அலுமினியம், வெளியே துத்தநாகம் பூசிய எஃகு, நடுவே காற்றிடைவெளி என இரட்டைச் சுவர் கொண்டது. உள்சுவர் விரைவில் சூடேறுவதால் இழுவை கிடைக்கிறது. வெளிச்சுவர் அதிகம் சுடாததால் மரம் தப்புகிறது. அப்படியும் மரத்துக்கும் குழாய்க்கும் ஓர் அங்குலம் விட வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூடேறும் மரம் மெல்லக் கரியாகி, எளிதில் தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள பரணிலேயே குழாயை முடித்துவிடுவது சிலர் செய்யும் சோம்பேறித்தனம். புகை கண்ணுக்குத் தெரியாததால் வேலை முடிந்ததாகத் தோன்றும். குழாய் கூரையைத் துளைத்து வானத்தைப் பார்க்க வேண்டும். தலையில் மூடியும் வேண்டும்.

வாயு வரும் பக்கத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறிச் சுமார் முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். கட்டடத்துக்கு அடியில் ஒழுகிச் சேர்ந்த இயற்கை வாயுவுக்கு மணம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகே வாயுவில் மெர்காப்டன் என்னும் அழுகல் நாற்றப் பொருளைக் கலப்பது சட்டமாயிற்று. நம் சிலிண்டரில் நாம் முகரும் நாற்றமும் அந்த வகையைச் சேர்ந்ததே. இணைப்புகளில் ஒழுக்கு உண்டா என்று சோப்பு நீரைத் தடவித்தான் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஒழுக்கு. தீக்குச்சியால் சோதித்தவர் கதையைச் சொல்ல அவர் இருக்கமாட்டார். இன்னொன்று: இயற்கை வாயுவுக்கான கணப்பில் அப்படியே புரொப்பேனை இணைக்கக் கூடாது. ஒரே கொள்ளளவில் புரொப்பேனில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது. அதே துளை வழியே அது பாய்ந்தால், போதிய காற்றில்லாமல் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். துளை ஊசியையும் அழுத்தச் சீராக்கியையும் தயாரிப்பாளர் தரும் உறுப்புகளைக் கொண்டே மாற்ற வேண்டும்.

கணப்புக்குள் ஓர் அழகான காவலாளி இருக்கிறான். இரு வெவ்வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821-ல் ஸீபெக் கண்டார். சிறு வழிகாட்டிச் சுடரில் இப்படி ஓர் இணைப்பு எப்போதும் காய்ந்துகொண்டிருக்கிறது. அதில் பிறப்பது வோல்ட்டில் முப்பதாயிரத்து ஒரு பங்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஆயிரத்தில் சுமார் முப்பது பங்கு. அதுவும் அற்பமே. ஒரு மின்காந்தத்தைக் கொண்டு வால்வை இழுத்துத் திறக்க அதற்கு வலு போதாது. நாம் குமிழை அழுத்தித் திறந்த வால்வைப் பிடித்து வைத்திருக்க மட்டும் போதும். பற்றவைத்த பின் குமிழை அரை நிமிடத்துக்கு மேல் அழுத்தியே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். சுடர் அணைந்தால் இணைப்பு குளிரும், மின்சாரம் நிற்கும், வால்வு தானே மூடும். புகை அறைக்குள் வழிந்தால் அந்தச் சூட்டில் இதே மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு பொத்தானும் பிற்காலக் கணப்புகளில் உண்டு. கணப்பு அடிக்கடி தானே அணைகிறது என்று எரிச்சல்பட்டு அந்தப் பொத்தானின் கம்பிகளை முறுக்கி இணைத்துவிடுகிறவர், காவல் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுகிறவர்.

பொருத்தி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை எளியது. கதவு சன்னல்களை அடைத்து, வீட்டிலுள்ள வெளியேற்று விசிறிகளையெல்லாம் ஓடவிட்டு, கணப்பை ஐந்து நிமிடம் எரியவிட வேண்டும். பிறகு புகைக்குழாயின் அடியில் திறந்திருக்கும் கூம்பு வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால், புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் உடனே அணைத்துவிட வேண்டியதுதான். இந்தச் சோதனையைக் குடியிருப்பவரே ஆண்டுதோறும் குளிர் தொடங்கும்போது செய்து பார்க்கலாம். பொருத்தும் வேலை அப்படியல்ல. உரிமம் பெற்றவர் செய்து, ஊராட்சி அதிகாரி வந்து பார்த்து ஒப்ப வேண்டியது. கலிபோர்னியாவில் தனி வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 2011 சூலை முதல் கட்டாயம். கானரிப் பறவையின் வேலையை இப்போது அது செய்கிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வகை ஒன்றும் உண்டு. வெளிச்சுவரில் ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய்கள். வெளிக்குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வரும், உட்குழாய் வழியே புகை வெளியேறும். எரியும் அறை முழுக்க அடைக்கப்பட்டது. வீட்டுக் காற்றை அது தொடுவதே இல்லை. காற்று பலமாக அடித்தாலும் இரு வாய்களையும் ஒரே அளவில் அழுத்துவதால் சுடர் அசையாது. என்னைக் கேட்டால் இதையே சொல்வேன், விலை சற்று அதிகமானாலும்.

நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டுக் குளியலறைகளில் புகைக்குழாய் இல்லாத காஸ் கீசர்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. குளியலறை சிறியது; கதவும் சன்னலும் அடைத்திருக்கும்; உள்ளே இருப்பவர் மயங்கினாலும் தாழ்ப்பாள் உட்புறம். கணக்கு அதேதான், அறையின் அளவு மட்டும் பத்தில் ஒரு பங்கு. கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்தவெளியில் அல்லது நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, சுடுநீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவரலாம். அதற்கு ஆகும் செலவு சில அடிக் குழாய்.