வலென்சியாவில் நான்கு நாட்கள்

ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பும் நம்மவர்கள் பாரிஸையும் ரோமையும் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஸ்பெயின் தேசத்தின் கீழைக் கடற்கரையிலுள்ள வலென்சியாவைப் பற்றிச் சொல்வோர் குறைவு. 2025 செப்டம்பரில், ஆளுக்கொரு பையை முதுகில் சுமந்துகொண்டு ஐரோப்பாவைச் சுற்றிய நாங்கள் தம்பதிகள் இருவரும் அந்நகரில் நான்கு நாட்கள் தங்கினோம். ஓர் இரவு தங்கிப் புறப்படுவதே எங்கள் உத்தேசம். அது நான்கு நாட்களாக நீண்டதற்குக் காரணம் அரிசியும் தண்ணீருமே.

பார்ஸிலோனாவிலிருந்து ரயிலில் வந்து ஒரு திங்கட்கிழமை மாலை அந்நகரை அடைந்தோம். 1917-ல் திறக்கப்பட்ட வடக்கு ரயில் நிலையத்தின் முகப்பிலே பீங்கானால் செய்த ஆரஞ்சுக் கொத்துக்கள் அலங்காரமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. வலென்சியாவின் செல்வம் தோட்டத்திலும் வயலிலும் விளைந்தது என்பதை வந்து இறங்குபவனுக்கு அந்தக் கட்டடமே அறிவித்துவிடுகிறது.

நாங்கள் அறை எடுத்திருந்த விடுதியின் உரிமையாளர் ஒரு மூதாட்டி. அரிசி உண்ணும் தேசத்தார் நாங்கள் என்று அறிந்ததும் அவருக்கு எங்களிடம் தனிப் பிரியம் உண்டாயிற்று. "வியாழக்கிழமை நண்பகல் வரை இருங்கள். பேராலய வாசலில் விவசாயிகளின் தண்ணீர் மன்றம் கூடும். அதைப் பார்க்காமல் போகாதீர்கள்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை 1928-ல் திறக்கப்பட்ட மத்திய அங்காடிக்குச் சென்றோம். அரிசியைச் சிறு துணிப் பைகளில் கட்டி வைத்திருந்தார்கள். குட்டையான, பருத்த அரிசி அது. வீதியைக் கடந்தால் எதிரே பட்டு வணிகர்களின் பழைய மண்டபம். 1482-ல் தொடங்கிய கட்டடம். கயிறு முறுக்கியதுபோல் செதுக்கிய கல் தூண்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்!

மாலையில் துரியா ஆற்றைக் காணச் சென்றோம். பாலங்கள் இருந்தன, ஆறு இல்லை! பாலங்களின் கீழே மரங்களும் புல்வெளிகளும் குழந்தைகள் விளையாடும் இடங்களும் சுமார் ஒன்பது கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடந்தன. 1957 அக்டோபர் 14-ந் தேதி அந்த ஆறு பெருகி நகருக்குள் புகுந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு நகருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பி விட்டார்கள். வறண்ட படுகையில் பெருஞ்சாலை போட அதிகாரிகள் எண்ணியபோது, நகர மக்கள் எதிர்த்து நின்று அதைப் பூங்காவாகப் பெற்றனர்.

ஆயினும் தண்ணீரின் கணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2024 அக்டோபர் 29-ந் தேதி பெய்த பேய்மழையில் புதிய கால்வாய் பழைய நகரைக் காத்தது. அதற்குத் தெற்கேயுள்ள ஊர்களோ வெள்ளத்தில் மூழ்கின. அந்தப் பிரதேசத்தில் 220-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது விடுதி மூதாட்டியின் குரல் தாழ்ந்துவிட்டது. மேலே நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை பஸ் ஏறி, பத்துக் கிலோமீட்டர் தெற்கே அல்புஃபேரா என்னும் ஏரிக்குப் போனோம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒரு மணல்திட்டு. ஏரியைச் சுற்றிலும் நெல் வயல். அறுவடைக் காலமாதலால் இயந்திரங்கள் வயலில் இறங்கியிருந்தன. அவற்றின் பின்னே கொக்குகள் நடந்தன. டில்லிக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகளாகிவிட்ட எங்களுக்கு அந்த வைக்கோல் மணம் கண்ணில் நீரை வரவழைத்தது.

அங்கே மதிய உணவாகப் பயேயா உண்டோம். அகன்ற, தட்டையான இரும்புச் சட்டியின் பெயர்தான் உணவுக்கும் பெயராயிற்று. முயல் இறைச்சியும் கோழியும் சேர்ப்பதே அவ்வூர் வழக்கம். மரக்கறி உண்பவர்களான எங்களுக்குக் காய்கறியும் குங்குமப்பூவும் இட்டுச் செய்து தந்தார்கள். சட்டியின் அடியில் பிடித்த காந்தலைத்தான் அவர்கள் மிகவும் விரும்பி உண்கிறார்கள். அடிப்பிடிக்க விட்டதற்காக நம் வீட்டில் திட்டு வாங்குவோம். அங்கே பாராட்டு வாங்குகிறார்கள்!

இனி வியாழக்கிழமை. பேராலயத்தில் அப்போஸ்தலர் வாசல் என்றொரு வாசல் உண்டு. 1238-ல் அரகான் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அந்நகரைக் கைப்பற்றுவதற்கு முன், அவ்விடத்தில் பள்ளிவாசல் இருந்தது. வாய்க்கால்களை வகுத்து நீர்ப் பங்கீட்டு முறையை வளர்த்தவர்கள் அந்நாளைய முஸ்லிம் குடிமக்கள். அரசர் மாறிய பிறகும் அம்முறை மாறவில்லை.

வாசலின் முன் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு மேலங்கி அணிந்த விவசாயிகள் வந்து அமர்ந்தனர். சட்டம் படித்தவர்களல்லர், எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். வக்கீல் கிடையாது, மனு கிடையாது, எல்லாம் வாய்மொழியே. வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ, அதன் பிரதிநிதி தீர்ப்பில் கலந்து கொள்வதில்லை. தீர்ப்பு அங்கேயே சொல்லப்படும், மேல்முறையீடு இல்லை. 2009-ல் யுனெஸ்கோ இம்மன்றத்தை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

பங்கீட்டு முறையும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒருவருக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு குறிப்பதில்லை. ஆற்றில் வருவதில் இத்தனை பங்கு என்பதே உரிமை. ஆறு பெருகினால் எல்லோர் பங்கும் பெருகும். வற்றினால் எல்லோர் பங்கும் சுருங்கும். நிலத்தை விட்டுத் தண்ணீரை மட்டும் பிரித்து விற்கவும் முடியாது.

சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூவி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்டார். எட்டு முறை கூவினார். எட்டு முறையும் எவரும் வரவில்லை. சில நிமிஷங்களில் மன்றம் கலைந்தது. படமெடுக்க வந்தவர்களுக்குப் பெருத்த ஏமாற்றம். அருகில் நின்ற ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "அநேகமாக இப்படித்தான். வியாழக்கிழமை இங்கே ஊரார் முன் நிற்க வேண்டுமே என்று புதன்கிழமைக்குள் வீட்டிலேயே பேசித் தீர்த்துக் கொள்வார்கள்" என்றார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. எங்களுக்குக் காவிரிப் பாசனத்தில், கடைமடையில் நான்கு ஏக்கர் நிலம் உண்டு. மேலே பெரியப்பா மகனின் நிலம். ஒரு மடையின் அகலத்தைப் பற்றிப் பங்காளிகளுக்குள் எழுந்த சச்சரவு பதினொரு வருஷங்களாகக் கோர்ட்டில் இருக்கிறது. நாங்கள் டில்லியிலிருந்து வக்கீலுக்குப் பணம் அனுப்புகிறோம். அண்ணாவும் தம் வக்கீலுக்குக் கொடுக்கிறார். அவர் பெண்ணின் கல்யாணத்திற்கு நாங்கள் போகவில்லை. இத்தனை வருஷங்களில் அந்த மடையருகே இரு தரத்தாரும் சேர்ந்து நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று மாலை பூங்காவின் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாவுக்குப் போன் செய்தோம். ஊரில் அப்போது இரவாகிவிட்டது. யார் இறந்துவிட்டார்களோ என்றுதான் அவர் முதலில் பயந்தார். வலென்சியாவின் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அங்கே நெல் என்ன விலை?" என்று கேட்டார். வைக்குமுன், "பொங்கலுக்கு வாருங்கள், மடையைப் போய்ப் பார்ப்போம்" என்றார்.

வழக்கு இன்னும் வாபஸாகவில்லை. மடையின் அகலமும் முன்போலவேதான் இருக்கிறது. ஆனால் இந்தப் பொங்கலுக்கு ஊர் சென்று, வரப்பின் மேல் அண்ணாவோடு நின்று வந்தோம். மன்னிமார் இருவரும் கல்யாணத்துப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஊரில் நிலமும் அதனுடன் ஒரு வழக்கும் வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் வலென்சியாவுக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் போதும்.