வீட்டு வலை – 7
“நெட் கிட்டல்ல!”

ரூட்டர் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வாங்கி மாட்டிய பிறகு அது சண்டித்தனம் செய்தால் என்ன செய்வது? குழித்துறைப் பக்கத்து வீடுகளை வைத்தே இந்த வாரம் பார்ப்போம்.

விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடம் குழித்துறை. சுற்றுவட்டாரத்தில் வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். விடுமுறையில் வரும் மகன் மார்த்தாண்டத்தில் ஒரு ரூட்டர் வாங்கி மாட்டி, எல்லார் போனிலும் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறான். அடுத்த மழையில் ஏதோ ஒன்று நின்றுபோகிறது. வீட்டில் இருப்பது அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும். “நெட் கிட்டல்ல, மக்கா” என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். வெளியிலிருந்து வரும் லைன் போயிருக்கலாம். பெட்டிக்கும் போனுக்கும் இடையே அலை எட்டாமல் இருக்கலாம். வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று காணாமல் இருக்கலாம். எது என்று பிரித்தறிய இன்ஜினியர் வேண்டாம். வீட்டிலிருப்பவர்களே அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது.

லைன்

ஃபைபர் பெட்டியில் ‘பான்’, ‘லாஸ்’ என்று இரண்டு விளக்குகள் இருக்கும். பான் பச்சையாக நின்று எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேர்கிறது. லாஸ் சிவப்பாக எரிந்தால் சேரவில்லை. மின்கம்பங்களில் தொங்கி, தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே வரும் கேபிள் எங்கோ அறுந்திருக்கும். இல்லையென்றால் வீட்டுக்குள் மேசைக்குப் பின்னால் மடங்கியிருக்கும். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி அந்த இடத்திலேயே கசிந்துவிடும். பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. மடிப்பை மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள். சிவப்பு மாறவில்லை என்றால் லைன்மேனிடம் “லாஸ் சிவப்பா எரியுது” என்றே சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

விளக்குகள் சரியாக இருந்தால், போனை வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் பெட்டியின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் திறந்தால் வீட்டு வைஃபையில் குறையில்லை. கோளாறு கம்பெனி பக்கத்தில், அல்லது கட்டாத பில்லில். திறக்கவில்லையா? வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும்.

சுவர்

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதை இந்தியாவில் 2005 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பயன்படுத்தலாம். அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஐந்தினுடையது அதில் பாதி. ஐந்து வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள் என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. பக்கத்து வீட்டு வைஃபை முட்டிமோதும் அடுக்ககங்களுக்கும் மார்த்தாண்டம் கடைத்தெருவுக்கும் அது பொருந்தும். புரையிடத்துக்கு (வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்கு) நடுவே தனியாக நிற்கும் வீட்டுக்கு அந்த நெரிசல் இல்லை. இங்கே தடை சுவர்தான். தடித்த கல்சுவரில் பழைய வீடு, அதன்மேல் பின்னாளில் எழுப்பிய கான்கிரீட் மாடி. பெட்டியோ கேபிள் நுழைந்த மூலையில், டிவிக்குப் பின்னால். அதை மாடிப்படி அருகே, தலை உயரத்தில், இரும்பு அலமாரியையும் ஃபிரிட்ஜையும் விட்டுத் தள்ளி வையுங்கள். இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, தூரத்து அறையில் இருப்பவரை 2.4-இல் சேருங்கள்.

பங்கீடு

மூன்றாவது கோளாறுதான் அதிகம் குழப்புவது. நெட் நன்றாக ஓடும். ஆனால் கீழே உள்ள கணினியின் கல்யாண ஆல்பத்தை மாடியில் திறக்க முடியாது, பிரின்டர் தென்படாது. காரணம் பெரும்பாலும் இரண்டாவது ரூட்டர். மாடிக்கு அலை எட்டவில்லை என்று வாங்கி, கேபிளை அதன் ‘வான்’ துளையில் செருகியிருப்பார்கள். உடனே அது தனக்கென்று ஒரு வலையைத் தொடங்கிவிடும். ஒரே வீடு, ஆனால் இரண்டு தெருக்கள். ஒரு தெருவில் கூப்பிடுவது மற்றதில் கேட்காது.

கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு கருவியின் வைஃபை விவரத்திலும் ஐபி முகவரியைப் பாருங்கள். கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.5 என்று மூன்றாவது எண் வேறுபட்டால் வலை பிரிந்துகிடக்கிறது. மாடி ரூட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். அந்த வசதி இல்லாவிட்டால், முதலில் அதற்கு 192.168.1.2 போல வேறு எந்தக் கருவிக்கும் போகாத முகவரியைக் கொடுத்து, கருவிகளுக்கு முகவரி பங்கிடும் ‘டிஹெச்சிபி’யை நிறுத்துங்கள், பிறகு கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லான் துளையில் செருகுங்கள்.

எண்கள் ஒத்திருந்தும் தெரியவில்லையா? யாராவது ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கிருந்து வீட்டுக் கருவிகளுக்குப் பொதுவாக வழி கிடையாது. விண்டோஸில் அந்த வைஃபை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பாஸ்வேர்டே இல்லாத விண்டோஸ் கணக்கின் பெயரில் வேறொரு கணினியிலிருந்து நுழைய முடியாது. ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

எக்ஸ்பி ஓடும் பழைய கணினிக்காக ‘எஸ்எம்பி 1’ என்ற பழைய முறையைத் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வான்னாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் கணினிக்குக் கணினி பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறது. பழைய கணினியின் படங்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வதே நல்லது.

வீட்டுக்குள் ஃபைல் போக நெட் தேவையே இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வீசியபோது இந்த மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன; பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. வெளி லைன் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால், லைனோடு கரண்டும் போனாலும் வீட்டு வலை ஓடும். லேப்டாப்பில் உள்ள பாடம் பிள்ளையின் போனுக்கு வரும். ஆனால் இடி முழங்கத் தொடங்கினால் அடாப்டரையும் லான் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இவை இரண்டும் கடத்தும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ரூட்டரை நீங்களே சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கையாலேயே செய்யவையுங்கள். பெட்டியின் முகவரி, வைஃபைக்கும் பெட்டியின் பக்கத்துக்கும் உள்ள இரண்டு பாஸ்வேர்டுகள், லைன்மேன் எண், விளக்குகளின் பொருள் ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டுங்கள். தினமும் அந்த வலையைப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். அதைப் புரிந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

அடுத்த வாரம்: போன்களில் சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்களை ஒரே வட்டில் சேர்ப்பது எப்படி?

(தொடரும்)